கண்டியில் ஒரு போத்தல் வைன்: விலை எங்கே போகிறது, தரம் எங்கே கெடுகிறது

கண்டியில் வைன் வாங்குபவர்களில் பலர் வருடத்தில் ஓரிரு தடவைதான் வாங்குகிறார்கள். நத்தார் வரும், புதுவருடம் வரும், வீட்டில் ஒரு கலியாண விருந்து வரும், லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ ஓர் உறவினர் வந்திருப்பார். நகரத்துச் சுப்பர் மார்க்கெட் ஒன்றின் மதுபானப் பகுதிக்குப் போய், வரிசையாக நிற்கும் போத்தல்களைப் பார்த்து, விலைச்சீட்டைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். எது நல்லது என்று தெரியாது. கடைக்காரப் பையனுக்கும் தெரியாது. கடைசியில் கையில் உள்ள பணத்துக்கு எட்டியவரை விலை கூடியதை எடுத்துக்கொண்டு வருவார்கள். விலை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அரிசிக்கும் புடவைக்கும் அந்த நம்பிக்கை ஓரளவு சரி. இலங்கையில் வைனுக்கு அது சரிவராது. இங்கே ஒரு போத்தலின் விலையைத் தீர்மானிப்பவை வரி, டொலரின் பெறுமதி, கப்பல் கூலி, இறக்குமதியாளரின் இலாபம் ஆகியவை. உள்ளே இருக்கும் வைனின் பங்கு இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. அந்த வைனும் கப்பலிலிருந்து இறங்கி உங்கள் மேசைக்கு வரும்வரை வெப்பத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பது விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை. வாங்குபவர் அறிய வேண்டியவை இந்த இரண்டும்தான்.

முதலில் வரி. இலங்கையில் வைனுக்கான திராட்சைத் தோட்டத் தொழில் வேரூன்றவில்லை. அதனால் நாம் பார்க்கும் வைன் அவுஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், இத்தாலி, தென்னாபிரிக்கா போன்ற நாடுகளிலிருந்து கொழும்புத் துறைமுகம் வழியாக வருவது. துறைமுகத்தில் சுங்க வரி விழுகிறது. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு விழுகிறது. மதுவரி விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே வற் எனப்படும் பெறுமதி சேர் வரி வந்து உட்காருகிறது. இந்த வற், வைனின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அதற்கு முன்பு சேர்ந்த வரிகளையும் கூட்டி அந்தத் தொகைக்குப் போடப்படுகிறது. அதாவது வரிக்கும் வரி கட்டுகிறோம்.

வற் 2019 டிசம்பரில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பொருளாதாரம் விழுந்தபின் 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. மதுவரியும் சும்மா இருக்கவில்லை. 2023 ஜனவரியில் 20 சதவீதம், 2024 ஜனவரியில் 14 சதவீதம், 2025 ஜனவரியில் 6 சதவீதம் உயர்ந்தது. இந்த மூன்று உயர்வுகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பார்த்தால் 45 சதவீதம் வருகிறது. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023இல் செய்துகொண்ட ஏற்பாட்டில், மதுவரியும் சிகரெட் வரியும் பணவீக்கத்தோடு சேர்ந்து ஏற வேண்டும் என்பதும் ஓர் அம்சம். எனவே ஜனவரி மாதம் பிறந்தால் மதுபான விலை ஏறும் என்று எதிர்பார்ப்பது இனி வழக்கமாகிவிடலாம்.

இதற்கிடையே டொலர். 5 டொலருக்கு இறங்கும் ஒரு போத்தலை எடுத்துக்கொள்வோம். 2021இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தபோது அது 1,000 ரூபாய்ப் பொருள். 2022 மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது அதே போத்தல் 1,800 ரூபாய். பிறகு டொலர் 300க்கு அருகே வந்து நின்றபோது 1,500 ரூபாய். பிரான்சில் திராட்சை பயிரிட்டவர் தன் விலையில் ஒரு சதமும் கூட்டாமலேயே போத்தல் இங்கே இறங்கும் விலை ஒன்றரை மடங்காகிவிட்டது. அப்படி ஏறிய விலையில் தரம் துளியும் ஏறவில்லை.

இனி ஒரு கணக்கு. வரி வீதங்கள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுபவை; ஆகவே கீழே வரும் தொகைகள் விளங்கிக்கொள்வதற்காக நான் எடுத்துக்கொண்ட தோராயத் தொகைகள். ஆனால் கணக்கின் போக்கு உண்மையான போக்குதான்.

வைனின் மீதான சுங்க வரி லீற்றருக்கு இவ்வளவு என்றும், மதுவரி அதிலுள்ள மதுசாரத்தின் அளவுக்கு இவ்வளவு என்றும் விதிக்கப்படுகின்றன. போத்தலின் விலை எவ்வளவு என்று அவை பார்ப்பதில்லை. 13 சதவீத மதுசாரம் உள்ள 750 மில்லிலீற்றர் போத்தலில் 97.5 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம் இருக்கிறது. அது மலிவு வைனாக இருந்தாலும் உயர்ந்த வைனாக இருந்தாலும் அளவு ஒன்றுதான், வரியும் ஒன்றுதான். இந்த நிலையான வரிகளை ஒரு போத்தலுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் போத்தல் கொழும்பில் 1,500 ரூபாய்க்கு இறங்குகிறது. அதில் கண்ணாடி, மூடி, லேபிள், பெட்டி, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்ந்து 600 ரூபாய். மீதி 900 ரூபாய்தான் வைனின் பெறுமதி. துறைமுக அறவீடு 10 சதவீதம் என்றால் 150. நிலையான வரி 1,500. இதுவரை 3,150. அதற்கு 18 சதவீத வற் 567. ஆக 3,717 ரூபாய். இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் ஆகியோரின் பங்காக அதன்மேல் 35 சதவீதம் சேர்த்தால் கடையில் 5,000 ரூபாயளவு வருகிறது. நீங்கள் கொடுத்த 5,000இல் 900 ரூபாய்தான் வைனுக்குப் போயிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாவது போத்தல் 4,500 ரூபாய்க்கு இறங்குகிறது. கண்ணாடியும் கப்பல் கூலியும் அதே 600. ஆகவே வைனின் பெறுமதி 3,900. துறைமுக அறவீடு 450, நிலையான வரி அதே 1,500, வற் 1,161. மொத்தம் 7,611. அதே 35 சதவீதம் சேர்த்தால் 10,000 ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடை விலை இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் வைனின் பெறுமதியோ நான்கு மடங்குக்கு மேல். அதாவது அலமாரியில் ஆகக் குறைந்த விலையில் இருக்கும் போத்தல்தான் விலையோடு ஒப்பிட்டால் ஆகக் கூடிய வரிச்சுமையைத் தாங்கி நிற்கிறது. வாங்கத்தான் வேண்டும் என்றால் வருடம் நான்கு மலிவுப் போத்தல் வாங்குவதைவிட இரண்டு நல்ல போத்தல் வாங்குவது பணத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. கணக்கு சொல்வது அதைத்தான். ஆனால் இது வைன் கெடாமல் வந்து சேர்ந்தால் மட்டுமே பொருந்தும் கணக்கு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மதுசாரத்தின் அளவுக்கு வரி போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. உலகில் பல நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. சிங்கப்பூரில் வைனுக்கு ஒரு லீற்றர் சுத்த மதுசாரத்துக்கு 88 சிங்கப்பூர் டொலர், 97.5 மில்லிலீற்றர் மதுசாரம் உள்ள நம் போத்தலுக்கு 8 டொலர் 58 சதம் வரும். விலை எதுவானாலும் அதே வரி. ஹொங்கொங் வேறு வழியில் போனது: 2008இல் வைன் வரியை முழுக்க நீக்கிவிட்டு, ஆசியாவின் வைன் வியாபார மையமானது. தாய்லாந்து 2024இல் உல்லாசப் பயணிகளை மனத்தில் வைத்து வைன் இறக்குமதி வரியை நீக்கியது. இந்தியா நெடுங்காலம் 150 சதவீத சுங்க வரி வைத்திருந்தது. அவுஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட உடன்பாடு 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, போத்தல் 5 டொலருக்கு மேற்பட்ட வைனுக்கு 100 சதவீதமாகவும், 15 டொலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதமாகவும் குறைத்தது. ஒவ்வொரு நாடும் தனக்கு எது முக்கியம் என்று நினைக்கிறதோ அதற்கேற்ப வரி போடுகிறது. இலங்கைக்கு முக்கியம் திறைசேரி. எங்கள் நாட்டு வரலாற்றில் மதுவும் அரச வருமானமும் பிரிந்து இருந்த காலமே குறைவு.

மலைநாட்டில் அந்த வரலாறு கசப்பானது. பிரித்தானியர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமை பகுதி பகுதியாக ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. கூடக் கேட்டவருக்கு உரிமை. குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டிய பணத்தை மீட்டு இலாபமும் பார்க்க வேண்டுமானால் கூட விற்க வேண்டும். கண்டியைச் சுற்றி 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்கள் பெருக, தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்த நம் மக்கள் லயங்களில் குடியேற, தவறணைகளும் பின்னாலேயே வந்தன. சாராயக் குத்தகையில் திரண்ட செல்வம் எப்படி ஒரு புதிய செல்வந்த வர்க்கத்தை உருவாக்கியது என்பதை குமாரி ஜயவர்தன தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமும் அதைத் தொடர்ந்து அமைந்த மதுவரித் திணைக்களமும் வந்தன. அதே காலத்தில் மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தது. நூற்றாண்டு கடந்தும் இன்றைய மதுபான நிர்வாகம் அந்தக் கட்டளைச் சட்டத்தின் மேலேயே நிற்கிறது.

அந்தச் சட்டமும் பின்வந்த விதிகளும் வாங்கப் போகும் இடத்தில் உங்களைத் தொடும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. இது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். போயா தினங்களில் விற்பனை இல்லை. எசல பெரஹரா காலத்தில் கண்டி நகர எல்லைக்குள் கடைகள் மூடப்படும் நாட்களை அதிகாரிகள் அறிவிப்பார்கள். பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தரவால் அந்த நீக்கம் திருப்பப்பட்டது. ஒரு பொருளை விற்று வரி வாங்கும் அரசு, பாதி மக்களுக்கு அதை விற்காதே என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது தரம். வைன் பழச்சாறு நொதித்து உருவாவது. போத்தலுக்குள் போனபின்பும் அது மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் மெதுவாக நடந்தால் நல்லது, வேகமாக நடந்தால் கெடுதல். வைனைப் பாதுகாப்பதற்கு உகந்தது 12 முதல் 14 பாகை செல்சியஸ். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 24, 25 பாகை. கொழும்பைவிடக் குளிர்ச்சி என்று நாம் பெருமைப்பட்டாலும் வைனுக்கு இது சூடான ஊர்தான். இரசாயனத்தில் ஒரு பொதுக் கணிப்பு உண்டு: வெப்பம் 10 பாகை ஏறினால் மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அப்படியானால் 14 பாகையில் இரண்டு வருடத்தில் வரவேண்டிய முதுமை, கண்டிக் கடை அலமாரியில் ஒரு வருடத்தில் வந்துவிடும்.

ஆனால் பெரும் சேதம் அலமாரிக்கு வருமுன்னரே நடந்துவிடுவதுண்டு. வெயிலில் நிற்கும் சாதாரணக் கொள்கலனுக்குள் 40 பாகையைத் தாண்டுவது நமது நாட்டில் இயல்பு. குளிரூட்டிய கொள்கலனில் கொண்டுவந்தால் செலவு கூடும். எல்லா இறக்குமதியாளரும் எல்லா வைனுக்கும் அதைச் செய்வதில்லை. வரிக் கடதாசிகள் முடியும்வரை துறைமுகத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வைனுக்குக் கேடு. பிறகு களஞ்சியம். பிறகு கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏற்றம் ஏறி வரும் லொறி. சூட்டில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும். இரவில் குளிரும்போது சுருங்கி, தக்கையின் ஓரமாகக் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் உள்ள ஒட்சிசன் மணத்தைத் தின்றுவிடும். இப்படி வெந்த வைனில் புதுப்பழத்தின் மணம் போய், வேகவைத்த பழம், உலர்ந்த முந்திரிகை, பழைய கொட்டை ஆகியவற்றின் மணம் வரும். வெள்ளை வைன் பொன் நிறம் தாண்டிப் பழுப்பாகும். சிவப்பு வைன் செங்கல் நிறமாகும். குடித்தால் நஞ்சில்லை. ஆனால் நீங்கள் பணம் கொடுத்தது அதற்கல்ல.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். குளிரூட்டி ஓடாத கடைகளில் நின்ற போத்தல்களின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மின்வெட்டு இல்லாத நாட்களிலும் இரவில் கடையைப் பூட்டும்போது குளிரூட்டியை நிறுத்திவிடுவது வழக்கம். பகலில் குளிர், இரவில் புழுக்கம் என்ற இந்த ஏற்ற இறக்கம், ஒரே சீரான 24 பாகையைவிடக் கெடுதலானது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். விலை கூடிய, பல வருடம் வைத்துக் குடிப்பதற்கென்று செய்யப்பட்ட ஐரோப்பியச் சிவப்பு வைன், நம் சூழலில்தான் அதிகம் இழக்கிறது. அது மெல்ல முதிர்வதற்காகப் பிறந்தது. இங்கே அவசரமாக முதிர்கிறது. அத்தகைய போத்தல் கடையில் விலை காரணமாகவே விற்காமல் நெடுநாள் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு மாதமும் கெடும். முன்பு சொன்ன கணக்கில் 10,000 ரூபாய்ப் போத்தல் வென்றது. மூன்று வருடம் வெளிச்சத்தின் கீழ் நின்ற 10,000 ரூபாய்ப் போத்தல் தோற்கும். விலையின் நடுப்பகுதியில், விரைவாக விற்றுத்தீரும், அண்மை வருடத்து வைனே கண்டியில் நம்பத்தக்கது என்பது என் தீர்ப்பு.

வெப்பத்துக்கு அஞ்சாத வைன்களும் உண்டு. கோப்பி காலத்துத் துரைமார் தம்மோடு கொண்டுவந்தவற்றில் போர்ட், ஷெரி, மதீரா ஆகியவை முக்கியம். இவற்றில் திராட்சை மதுசாரம் சேர்த்து வலுவூட்டுவார்கள். அதனால் நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும். மதீரா இன்னும் ஒருபடி மேல். போர்த்துக்கேயத் தீவான மதீராவிலிருந்து புறப்பட்ட பீப்பாய்கள் வெப்பக் கடல்களைக் கடந்து திரும்பியபோது வைன் கெடாமல் சுவை கூடியிருந்ததைக் கண்டார்கள். அதன்பின் வேண்டுமென்றே சூடாக்கி முதிர வைக்கும் முறையை உருவாக்கினார்கள். 1867இல் புகைவண்டி கண்டியை எட்டும்வரை எல்லாப் போத்தலும் மாட்டு வண்டியில்தான் மலையேறியது. அந்தக் காலத்துக் குடியர்கள் வலுவூட்டிய வைனை விரும்பியது நாக்கின் தேர்வு மட்டுமல்ல. மெல்லிய வைன் உயிரோடு வந்து சேராது என்ற அனுபவமும் கூடத்தான். 1,868 மீற்றர் உயரத்தில் சராசரி 16 பாகையில் இருக்கும் நுவரெலியாதான் இத்தீவில் இயற்கையாகவே வைனுக்கு ஏற்ற களஞ்சியம்.

திராட்சையை இங்கேயே வளர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் திராட்சை நன்றாக வளர்கிறது. தோலகட்டி ஆசிரமத்தின் திராட்சை ரசமும் நெல்லி ரசமும் பலருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் உண்ணும் திராட்சை வேறு, வைன் திராட்சை வேறு. வைன் திராட்சைக் கொடிக்குக் குளிர்காலத்து உறக்கம் வேண்டும். பழம் முற்றும் வேளையில் மழை கூடாது. உறக்கம் இல்லாத நாட்டில் வருடம் இருமுறை கத்தரித்து, மழை ஓய்ந்த காலத்தில் அறுவடை வரும்படி செய்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் அது தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இரண்டு பருவமழையும் நனைக்கும் கண்டி மலைகளில் கொடிக்குப் பூஞ்சைதான் மிஞ்சும்.

கண்டி மலைக்கு இயற்கை கொடுத்த மது வேறு. அது கித்துள். நக்கிள்ஸ் மலையடிவாரத்துக் கிராமங்களிலும் ஹங்குரன்கெத்த பக்கத்திலும் கித்துள் பாளையைச் சீவி இறக்கும் பதநீர் காலையில் தேன்போல இனிக்கும். பாணியும் கருப்பட்டியும் வேண்டுமென்றால் முட்டிக்குள் ஹால் மரப்பட்டையோ சுண்ணாம்போ போட்டுப் புளிக்காமல் காப்பார்கள். போடாமல் விட்டால் வெப்பமே வேலையைச் செய்து சில மணித்தியாலத்தில் கள்ளாக்கிவிடும். அதன் மதுசாரம் பியரை ஒத்தது. மேலும் வைத்தால் புளித்து வினாகிரியாகும். வைன் எந்த வெப்பத்தால் கெடுகிறதோ, அந்த வெப்பத்தால்தான் கள் பிறக்கிறது. அதனாலேயே அது அன்றன்றைக்குக் குடிக்கப்படுவது, கொள்கலனும் களஞ்சியமும் தேவைப்படாதது. ஆனாலும் கள் இறக்குவது மதுவரிச் சட்டத்தின் கட்டுக்குள் உள்ள தொழில். சீவல் தொழில் தெரிந்தவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். பிள்ளைகள் மரமேற வருவதில்லை. வடக்கில் பனைத் தொழிலுக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் திக்கம் வடிசாலையும் எழுந்தன. கித்துளுக்கு அந்த அளவு அமைப்பு பலம் இருந்ததில்லை. பாணிக்காவது நல்ல விலை கிடைக்கும்படி செய்தால் கிராமத்துக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

வைனைப் பற்றிப் பேசும்போது சாராயத்தை மறைத்துவிட முடியாது. மலைநாட்டு நகரங்களில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்ற பலகையின் கீழ் விற்பது பெரும்பாலும் சாராயமும் பியரும்தான். வரி தரத்தைப் பார்ப்பதில்லை என்பதன் முழு விளைவும் அங்கேதான் தெரிகிறது. தென்னங்கள்ளை வடித்து ஹல்மில்ல மரப்பீப்பாயில் முதிரவைத்த சாராயத்துக்கும், கரும்புப்பாகு மதுசாரத்தில் கொஞ்சம் தென்னஞ்சாராயம் கலந்ததற்கும் மதுசாரத்தின் அளவுக்குத்தான் வரி. வரி ஏறும்போது தயாரிப்பாளர் வரியைக் குறைக்க முடியாது. உள்ளே போடும் சரக்கில்தான் மிச்சம் பிடிக்க முடியும். ஆகவே வரி ஏற ஏற, அசல் சாராயம் சந்தையில் ஒதுங்குகிறது, கலவை பெருகுகிறது.

அதற்கும் கீழே இருப்பது கசிப்பு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் ஆனது. அந்தச் சம்பளத்தில் முத்திரையிட்ட சாராயத்தை வாங்க முடியாதவர் குடியை விட்டுவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அதைவிட நல்லது இல்லை. பலர் விடுவதில்லை. ஓடைக்கரையில் காய்ச்சியதைத் தேடிப் போகிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை. மெதனோல் கலந்தால் கண் போகும், உயிர் போகும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொன்னது: உடலுக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை. வரி உயர்வை நான் எதிர்க்கவில்லை. கடும் மதுவுக்கு வரி உயரத்தான் வேண்டும். ஆனால் வரியை உயர்த்தும் கை, கசிப்புக் காய்ச்சுபவனையும் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வரியை உயர்த்திவிட்டு, மறுபக்கம் 2024இல் நடந்ததுபோல முந்நூறுக்கு மேற்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களை வழங்குவது மக்களின் நலம் கருதிய கொள்கை ஆகாது. அந்த அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

இனி, வாங்கத் தீர்மானித்தவருக்குச் சில சொற்கள். போத்தலில் அச்சிட்ட அறுவடை வருடத்தைப் பாருங்கள். வெள்ளை, ரோஸ் வைன் என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு மேற்பட்டதை விட்டுவிடுங்கள். நிறமற்ற கண்ணாடிப் போத்தல் வெளிச்சத்தில் விரைவாகக் கெடும். ஜன்னலோரத்திலும் விளக்கின் கீழும் நின்றதை எடுக்காதீர்கள், அடுக்கின் கீழ்த்தட்டில் பின்னால் இருப்பதைக் கேளுங்கள். கழுத்தில் உறையைத் தடவிப் பாருங்கள்: தக்கை மேலெழுந்து முட்டினாலோ, பிசுபிசுப்பான கறை இருந்தாலோ, வைனின் மட்டம் பக்கத்துப் போத்தல்களைவிடத் தாழ்ந்திருந்தாலோ அது வெந்த போத்தல். திருகுமூடியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல வைனுக்கே அதைப் போடுகிறார்கள். நம் வெப்பத்துக்குத் தக்கையைவிட அதுவே பொருத்தம்.

வாங்கியதை வாவிக்கரையில் நிறுத்திய வாகனத்துக்குள் வைத்துவிட்டுக் கடைகடையாக ஏறி இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சிவப்பானாலும் வெள்ளையானாலும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற விதி, 16, 18 பாகையில் இருந்த பழைய ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. கண்டி வீட்டின் 26 பாகைக்கு அல்ல. பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். திறந்த போத்தலை மூடி மீண்டும் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். ஹோட்டலில் குடிப்பதானால் பட்டியலில் உள்ள விலைக்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும் வரியும் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பற்றுச்சீட்டை எறிந்துவிட வேண்டாம். திறந்தவுடன் கெட்ட மணம் வந்தால் போத்தலையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றே கடைக்குப் போங்கள். பால் புளித்திருந்தால் திருப்பிக் கொடுக்கத் தயங்காத நாம், அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்த வைனை நமக்குத்தான் ருசி தெரியவில்லை என்று எண்ணி மௌனமாக ஊற்றிவிடுகிறோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது. அதன் முறைப்பாட்டு இலக்கம் 1977. உங்கள் தோட்டத்திலோ கிராமத்திலோ கசிப்புக் காய்ச்சுவது தெரிந்தால் மதுவரித் திணைக்களத்தின் இலக்கம் 1913. இரண்டு இலக்கங்களையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.